ரொட்டியும் சம்பலும் நம் பாரம்பரியச் சாப்பாடா?

கொத்மலைக்காரன் எழுதியது:

மகளின் பாடசாலையில் அடுத்த கிழமை பாரம்பரிய உணவுக் கண்காட்சி. ஒன்பதாம் வகுப்பு. தேயிலைத் தோட்டத்தில் இருந்து போகிற பிள்ளைகள் அத்தனை பேரும் கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும் என்று பெயர் கொடுத்துவிட்டார்களாம். டீச்சர் சிரித்துக்கொண்டே "எல்லாரும் ரொட்டி கொண்டுவந்தா யாரு திங்கிறது" என்று கேட்டிருக்கிறார். மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அப்பா, நாம எப்ப இருந்து ரொட்டி சாப்பிடுறோம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து அதே யோசனைதான். கோதுமை இலங்கையில் விளைகிற பயிரே இல்லை. நம் ஆட்கள் தோட்ட வேலைக்கென்று தமிழ்நாட்டில் கிளம்பி வந்த திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் பக்கத்தில் அந்தக் காலத்தில் ஏழை வீட்டு அடுப்பில் இருந்தது கேழ்வரகு, கம்பு, சாமை, வரகு. அப்படியென்றால் கோதுமை மாவை நம் லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், கொண்டுவந்து வைத்தது யார்? என் கணக்குப்படி இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் ரொட்டி நமக்கு அன்றாடச் சாப்பாடாக இருந்திருக்காது. யாராவது மறுத்துப் பேசுங்கள், கேட்கிறேன்.

தலவாக்கலை எழுபத்திரண்டு எழுதியது:

மறுக்கிறேன். எங்கள் அப்பாயி பிறந்தது 1938. அவருக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்தே ரொட்டிதான் சாப்பிட்டாராம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஓடும்போது கையில் ரொட்டி, மலையில் தேத்தண்ணி நேரத்திலும் அதே ரொட்டி. இதைப் பாரம்பரியம் இல்லை என்றால் நமக்கு என்னதான் பாரம்பரியம் அண்ணே? மண் நம்முடையது இல்லை என்றார்கள், வீடு நம்முடையது இல்லை என்றார்கள், இப்போது ரொட்டியும் போய்விட்டதா?

கொத்மலைக்காரன் எழுதியது:

தம்பி கோபப்படாதீர்கள், ரொட்டியை யாரும் பிடுங்கவில்லை. அப்பாயி பிறந்தது 1938 என்றால் விவரம் தெரிந்தது 1942, 43 வாக்கில். நான் சொல்கிற கணக்கும் சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது.

1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். அதுவரை இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியில் இருந்து வந்தது, அதிலும் முக்கியமாகப் பர்மாவில் இருந்து. அந்தக் கப்பல் நின்றதும் அரிசிக்குப் பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது, அரிசியைக் குறைத்துவிட்டு அந்தக் குறைக்குக் கோதுமை மாவைக் கொடுத்தார்கள். அப்பாயி ரொட்டியைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்திருப்பார், சந்தேகமே இல்லை. அப்பாயியின் அம்மா எதைச் சாப்பிட்டு வளர்ந்தார் என்று முடிந்தால் கேட்டுப் பாருங்கள்.

இஸ்தோப்பு எழுதியது:

நான் முப்பது வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இந்தப் பேச்சில் எல்லாரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் அரிசி. முதலில் அதைப் பேச வேண்டும்.

கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்டது 1820களில். அப்புறம் கோப்பி பெருகப் பெருக ஆட்களைத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடத்திக் கூட்டிவந்தார்கள். 1876 தொடங்கி ஊரில் தாது வருஷப் பஞ்சம், வந்தவர்கள் இன்னும் அதிகமானார்கள். வந்தவர்களுக்குத் தோட்டம் என்ன கொடுத்தது? அரிசி. ராகியும் கம்பும் ஊருக்கு ஊர் வேறுபடும், கப்பலில் மூட்டை மூட்டையாக எடுத்துவந்து அளந்து போடத் தோதானது அரிசிதான். கிழமைக்கு ஒரு நாள் அரிசி போடுவார்கள், அதன் விலையைச் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவேட்டில், சம்பளத்தில் இருந்து கழிப்பார்கள். ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணியின் கணக்கில் முற்பணம், அரிசி, கம்பளி என்று எல்லாம் சேர்ந்து கடன் ஏறிக்கொண்டே போகும். கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குப் பெயர்தான் துண்டு. துண்டை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது அதோடு சேர்த்து அரிசிக்கும் விலை கட்டினார்கள். சம்பளத்தையும் அரிசியையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பது அதைப் போட்டவர்களுக்கே தெரியும்.

ஆக ஊரில் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் மட்டும் நெல்லுச்சோறு பார்த்தவர்கள் இங்கே வந்துதான் தினமும் சோறு தின்னப் பழகினார்கள். கடனுக்குத் தின்ற சோறு என்பது வேறு கதை.

பொகவந்தலாவைப் பையன் எழுதியது:

ஐயோ டீச்சர், அப்படியென்றால் ஊரில் இருந்த சொந்தக்காரர்களைவிட நம்ம ஆட்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டார்கள் என்கிறீர்களா?

இஸ்தோப்பு எழுதியது:

நல்ல சாப்பாடு என்று நான் சொல்லவில்லை மகன். வெள்ளைச் சோறு என்றேன். கேழ்வரகுக் களியில் இருந்த சத்து தீட்டின அரிசியில் இல்லை. சோற்றுக்கு மேலே ஊற்றினது என்ன? பெரும்பாலும் ரசம் மாதிரி ஒரு தண்ணி, கருவாடு ஒரு துண்டு, கீரை. சோறு வந்தது பெருமையாகத்தான் இருந்திருக்கும், உடம்புக்கு எப்படி இருந்தது என்பதை வேறு யாராவது எழுதட்டும்.

கொழுந்துக்கூடை எழுதியது:

நீங்கள் எல்லாரும் வருடக்கணக்கு பேசுகிறீர்கள், சுடுகிறவள் நான். இருபத்தாறு வருடமாகக் காலை நாலரைக்கு எழும்பிச் சுடுகிறேன், அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கவ்வாத்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி, காய்ந்தது இருந்தால் அடுப்பு உடனே பிடிக்கும், மழை நாளில் ஈர மிலாறு என்றால் ஊதாங்குழலை ஊதியே கண் சிவந்து போகும். மா ஐந்து கை, தேங்காய்ப்பூ ஒரு கை, உப்பு, தண்ணீர். தேங்காய் விலை 200 ரூபாயைத் தொட்டபோது அந்த ஒரு கை அரைக் கையானது, அப்புறம் அதுவும் இல்லாமல் வெறும் மா. தேங்காய் இல்லாத ரொட்டி சூடாக இருக்கும்போது ஒன்றும் தெரியாது, ஒன்பதரைக்கு மலையில் பிரித்தால் தோல் மாதிரி இழுக்கும், பல் வலிக்கும். அதனால்தான் மாவைப் பிசைகிறபோதே சுடுதண்ணீர் விடுவோம். அப்புறம் கட்டச்சம்பல். செத்தல் கொச்சிக்காய், சின்ன வெங்காயம், உப்பு, இருந்தால் மாசிக் கருவாட்டுத் துண்டு ஒன்று, அம்மியில் வைத்து ஒன்றும் பாதியுமாக நசுக்கி எலுமிச்சம்புளி. மிக்சியில் போட்டால் களி மாதிரி ஆகிவிடும், அது சம்பல் இல்லை.

ஏன் ரொட்டி என்று கேட்கிறீர்கள். சோறு கட்டிக்கொண்டு போனால் கை கழுவ வேண்டும், கறி சிந்தும், மழையில் நின்று எப்படிச் சாப்பிடுவது? ரொட்டியைக் கூடைக்குள் சொருகிக்கொண்டு தேயிலை நிரையில் நின்றபடியே கடிக்கலாம். ஒரு கையால் கடித்துக்கொண்டு மற்றக் கையால் பறித்த நாளும் உண்டு. மா யார் கொடுத்தது என்று கொத்மலை அண்ணன் கேட்கிறார். யாரோ கொடுத்திருக்கட்டும், வேலைக்கு ஒத்துவந்த சாப்பாடு என்பதால்தான் அது ஒட்டிக்கொண்டது.

தலவாக்கலை எழுபத்திரண்டு எழுதியது:

அக்கா சொன்னதுதான் சரி. நானே சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

வெலிமடை உருளை எழுதியது:

எனக்கு மரக்கறிதான் தொழில், அதனால் அந்தப் பக்கத்துச் சமாச்சாரம். நாம் பேசுகிற சொற்களைப் பாருங்கள். பாண் போர்த்துக்கீசச் சொல். கோவாவும் அவர்களுடையதுதான். போஞ்சி ஒல்லாந்தர் விட்டுப்போனது. தமிழ்நாட்டுக்காரர் ஒருவரிடம் "கோவாவும் போஞ்சியும் போட்டுக் கறி" என்று சொன்னால் முழிப்பார், அவருக்கு அது முட்டைக்கோசும் பீன்சும். பேச்சுத்தான் ஊரில் இருந்து வந்தது, சந்தைப்பெயர்களை இந்தத் தீவில்தான் எடுத்துக்கொண்டோம்.

நுவரெலியாவில் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் வெள்ளைக்காரனின் குளிருக்கு ஏங்கிய வயிற்றால் வந்தவை. சாமுவேல் பேக்கர் என்று ஒருவர், பிற்பாடு நைல் நதியைத் தேடிக்கொண்டு ஆப்பிரிக்கா போனவர், 1848இல் இங்கே பண்ணை போட்டு இங்கிலாந்தில் இருந்து மாடும் விதையும் ஆட்களும் கொண்டுவந்தார். இன்று லயத்துக்கு முன்னால் நாலு பாத்தி கரட் போட்டிருப்பவருக்கு அவரைத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கொச்சிக்காயும் அப்படித்தான். சம்பல் நம் உயிர் என்கிறோம், ஆனால் போர்த்துக்கீசர் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கொண்டுவரும்வரை இந்தப் பக்கத்தில் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். மிளகாய் என்ற பெயரையே பாருங்கள், மிளகு மாதிரி உறைக்கிற காய். சிங்களத்தில் புதுசாக வந்த காய்க்கு மிரிஸ் என்று மிளகின் பெயரையே கொடுத்துவிட்டு, பழைய மிளகை கம்மிரிஸ், அதாவது ஊர் மிரிஸ் என்று தள்ளி வைத்துவிட்டார்கள். கொச்சிக்காய் என்ற பேரோ கொச்சித் துறைமுகத்தின் பேர்.

நாட்டுப்பக்கத்து ஆட்கள், அதாவது சிங்களக் கிராமத்தவர்கள், என்ன சாப்பிட்டார்கள் என்றும் பார்க்கவேண்டும். ரொபர்ட் நொக்ஸ் கண்டி ராச்சியத்தில் கிட்டத்தட்ட இருபது வருடம் சிறைப்பட்டிருந்து 1679இல் தப்பிப் போனவர். அவர் 1681இல் அச்சிட்ட நூலில் குரக்கனும் பலாக்காயும் வருகின்றன. அந்தக் குரக்கனும் சேலத்துக் கேழ்வரகும் ஒரே தானியம்தான். நம் பாட்டன் அதை விட்டுவிட்டுக் கடலைத் தாண்டி வந்தான், இங்கே மலைக்கு அந்தப் பக்கம் காட்டை வெட்டிச் சுட்ட சேனை நிலத்தில் அதே தானியம் அசைந்துகொண்டு நின்றது. தோட்டத்துத் துரை தந்த அரிசியைத் தின்றுகொண்டிருந்தவனுக்கு அதைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை.

கொத்மலைக்காரன் எழுதியது:

அண்ணே, கடைசி வரியைப் படித்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். குரக்கன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் குரக்கன் மா என்றால் சீனி வருத்தக்காரர் சாப்பாடு என்றுதான் நினைப்பு.

பழைய கியூ எழுதியது:

வணக்கம். எனக்கு அறுபத்தைந்து வயது. மா எப்படி வந்தது என்று பேசுகிறீர்கள், மா வராமல் போனதைப் பற்றி நான் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். மாவை யுத்தத்தோடு மட்டும் நிறுத்தாதீர்கள். 1952இல் நாம் சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கினோம், அமெரிக்காவுக்கு அது பிடிக்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்தில் இருந்து 70 சதமாக ஏறியது, ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது, பிரதமர் டட்லி பதவியை விட்டுப் போனார். அரிசியில் கை வைத்தால் ஆட்சி போகும் என்று அரசியல்வாதிகள் படித்துக்கொண்டது அன்றைக்கு. பிற்பாடு அமெரிக்காவின் பீ.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் கோதுமை மா கப்பல் கப்பலாக வந்தது. 1980இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை ஓடத் தொடங்கியதும் மணியாக இறக்கி இங்கேயே அரைக்க ஆரம்பித்தார்கள். மா மலிவாகவே இருந்ததற்குப் பின்னால் இத்தனை கைகள்.

சரி, 1973, 74. எனக்கு அப்போது பதின்மூன்று. உலகச் சந்தையில் எண்ணெய் விலை, தானிய விலை எல்லாம் ஏறிப்போய் அரசாங்கத்தின் கையில் காசு இல்லை. அரிசியையும் மாவையும் வெட்டிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் கடையில் சோறு விற்கக்கூடாது. அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகவும் தடை. கிராமத்தில் இருப்பவனுக்குக் கொல்லையில் ஒரு பலா, நாலு மரவள்ளித் தடி இருக்கும். பலாக்கன்று நட வேண்டும் என்று ஆர்தர் வி. டயஸ் அந்தக் காலத்தில் பிரசாரம் பண்ணிக் கொஸ் மாமா, அதாவது பலா மாமா, என்று பெயர் எடுத்தாரே, அவர் நட்டவற்றை அந்தப் பஞ்சத்தில் தின்றவர்கள் நிறைய. லயத்தில் இருந்தவனுக்கு எங்கே கொல்லை? வாசலைத் தாண்டினால் தேயிலை. தேயிலையைத் தின்ன முடியுமா?

அப்பா விடிய இரண்டு மணிக்கு டவுனுக்கு நடந்து பாண் கியூவில் நிற்பார். ஒரு ராத்தல் பாண், எட்டுப் பேர். அம்மா நூல் பிடித்து வெட்டுவார், கத்தியால் வெட்டினால் தூள் விழும் என்று. மற்ற நாளில் நாட்டுப்பக்கத்தில் கூலிக்கு வேலை செய்து கொண்டுவந்த மரவள்ளி. மரவள்ளியில் நஞ்சு இருக்கிறது, அதனால் மூடியைத் திறந்து வைத்துத்தான் அவிக்க வேண்டும், அவித்த தண்ணியைக் கொட்டவேண்டும், கூட இஞ்சி சேர்க்கக்கூடாது என்பார்கள். பசியில் யாருக்குப் பொறுமை? பக்கத்து லயத்தில் கொட்ட வேண்டிய தண்ணியைக் குடித்துப் பிள்ளைகள் மயங்கி விழுந்ததைப் பார்த்தவன் நான். தோட்டம் தோட்டமாகச் செத்தார்கள். எங்கள் வரிசையிலேயே இரண்டு கிழவர், ஒரு கைக்குழந்தை. பெட்டி செய்யப் பலகைகூட இல்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாண் வெட்டினால் தூளை விரலால் ஒற்றி எடுப்பேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

இஸ்தோப்பு எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், அந்த வருடங்களில் பிள்ளைகளின் தலைமுடி செம்பட்டையாகப் போனதை அம்மா சொல்லியிருக்கிறார். திரிபோஷா என்ற சத்துமா தொடங்கியதும் அதே 1973தான். கிளினிக்கில் கொடுத்த அந்தப் பொட்டலத்தைச் சீனியும் சுடுதண்ணியும் விட்டு உருண்டை பிடித்துத் தின்ற தலைமுறை நாங்கள். தாய்மாருக்கென்று கொடுத்ததைப் பிள்ளைகள்தான் தின்று தீர்த்தோம், எந்த அம்மா தனியாகச் சாப்பிட்டாள்?

கோத்தகிரி சிலோன்காரர் எழுதியது:

நான் நீலகிரியில் இருந்து. எங்கள் குடும்பம் 1974இல் பாஸ்போட் கிடைத்துக் கிளம்பியது. 1964 ஒப்பந்தத்தில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் பேசி இந்தியாவுக்கு என்று எழுதின 5,25,000 பேரில் எட்டுப் பேர் நாங்கள்.

இங்கே வந்து ஆத்தா ஒரு நாள் ரொட்டி சுட்டபோது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "இது என்ன, மைதாவுல தோசையா" என்று கேட்டாராம். நீங்கள் கோதுமை மா என்று சொல்வது இங்கே மைதா. ரேஷனில் போட்ட கோதுமையை அரைத்தால் வருவது பழுப்பு மாவு, அதில் நம் ரொட்டி வராது, சப்பாத்திதான் வரும். ஆத்தா கடை கடையாக மைதா தேடி அலைந்தார். சிலோன்காரர் வீடு எது என்று கேட்டால் காலையில் ரொட்டி வாசம் வருகிற வீடு என்பார்கள். ஆக ஊரில் இருந்து கொண்டுபோகாத சாப்பாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். கொத்மலைத் தம்பி கேட்ட கேள்விக்கு இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவைப் பையன் எழுதியது:

சமன் டின்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது கும்பளா மாதிரி ஏதோ மீன், பெயர் மட்டும் சமன், அதாவது சால்மன். ஒரு காலத்தில் வந்த டின்னின் பெயர் மீன் மாறியும் போகவில்லை.

கொழுந்துக்கூடை எழுதியது:

டின்னை விடுங்கள், கீரையைப் பற்றி யாருமே பேசவில்லை. அம்மா மலையில் இருந்து வரும்போது மடியில் எப்போதும் கீரை இருக்கும். மணத்தக்காளி, வல்லாரை, பொன்னாங்காணி, கானோரத்தில் சேம்பு. தேயிலைக்கு அது களை, எங்களுக்கு ராத்திரிக் கறி. இப்போது களைக்கு மருந்து அடிக்கிறார்கள். கிளைபோசேட் என்ற மருந்தை 2015இல் தடை பண்ணினார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். எந்த மலைக்கு எப்போது அடித்தார்கள் என்று தெரியாமல் எப்படிப் பறிப்பது? என் மகளுக்கு மணத்தக்காளியைக் காட்டினால் "இதைச் சாப்பிடலாமா" என்று கேட்கிறாள்.

2022இல் மா விலை ஏறிக் கிடைக்காமல் போனபோது நாங்கள் திரும்ப மரவள்ளிக்கும் வத்தாளங்கிழங்குக்கும் போனோம். அப்போதும் மூடியைத் திறந்துவைத்துத்தான் அவித்தேன், ஏன் என்று இன்றைக்குத்தான் அந்த ஐயா சொல்லித் தெரிகிறது.

வெலிமடை உருளை எழுதியது:

அந்த வருடத்தை நினைவுபடுத்தாதீர்கள் தங்கச்சி. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள், என் உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்தது. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கையில் இருந்த காசுக்குப் போன வருடம் வாங்கியதில் பாதிதான் வாங்கலாம் என்று அர்த்தம். பாதிச் சம்பளத்தில் வயிறு மட்டும் பாதியாகுமா?

கொத்மலைக்காரன் எழுதியது:

கண்காட்சி நேற்று முடிந்தது. மகள் பிடிவாதமாக ரொட்டிதான் கொண்டுபோனாள், கூட என் மாமியார் கிண்டிக் கொடுத்த குரக்கன் களியும். களியை டீச்சர்மார் மட்டும் சாப்பிட்டார்கள், ரொட்டி பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது.

ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு மட்டையில் எழுதி வைத்தாள். நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் தயாரித்தாள். கோதுமை மா, வெளிநாட்டு மணி, திருகோணமலையில் அரைத்தது. தேங்காய், குருநாகல். கொச்சிக்காய், அமெரிக்கக் கண்டத்தில் இருந்து போர்த்துக்கீசர். மாசி, மாலைதீவு. மிலாறு, எங்கள் தோட்டம். ரொட்டியின் வயது என்ற இடத்தில் "80க்குக் கொஞ்சம் மேல்" என்று போட்டிருந்தாள்.

முந்தின நாள் இரவு மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டினாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "உப்பு எங்கடி? உப்பு மட்டுந்தான்டி நம்ம நாட்டு சாமான், அத விட்டுட்டியே." அவசரமாகக் கடைசியில் எழுதினாள், உப்பு, புத்தளம்.

பொகவந்தலாவைப் பையன் எழுதியது:

அண்ணே, அம்மாயிக்குச் சொல்லிவிடாதீர்கள். 2025இல் மழையால் உப்பளம் கெட்டு, உப்பும் இந்தியாவில் இருந்து கப்பலில்தான் வந்தது.